லத்தேரி தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட்: செத்த மரமும் பிழைத்த மரமும்

2022 பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் தோட்டத்தில் நின்ற பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ மரத்தைப் பிடுங்கினேன். கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் எடுத்துப் போனேன், எதுவும் தேவைப்படவில்லை. என் தோளுயரம் வளர்ந்த மரம், தண்டைப் பிடித்து ரெண்டு முறை அசைத்ததும் மாட்டுக்கு அடித்த முளை மாதிரி மேலே வந்துவிட்டது. வேர் என்று மிச்சம் இருந்ததை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு நுனிகூட இல்லை, எல்லாம் கறுப்பு. ஒரு வேரை விரலிடுக்கில் வைத்து உருவினால் தோல் மட்டும் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்தது, நடுவில் மெல்லிய நூல் ஒன்று நின்றது. சாக்கடை வாடை.

அதற்கு முன்னும் பின்னும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “வேலூர் வெயிலுக்கு அதெல்லாம் தாங்குமா? கொடைக்கானல்ல வளர்ற மரம்.” வேலூரை வெயிலூர் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம், அதனால் எது செத்தாலும் வெயில் மேல்தான் பழி போகும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த வேரைப் பார்க்கும் வரை. வெயிலில் சாகிற மரத்துக்கு இலை கருகும், பட்டை வெடிக்கும், வேர் இப்படி அழுகாது. அந்த மரம் தண்ணீரில் செத்தது. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு மழை கொடுத்தது, இன்னொரு பங்கு நான் ஊற்றியது.

இன்று அதே தோட்டத்தில், அந்தக் குழிக்கு 12 அடி தள்ளி, இன்னொரு மரம் 14 அடி உயரத்தில் நிற்கிறது. 2025 ஆவணியில் அதில் முதல் முறையாகப் பழுக்கிற காய் பறித்தோம். அதே மண், அதே வெயில், அதே போர் தண்ணீர். இரண்டு மரத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை விட்டுப்போகாமல் எழுதுகிறேன், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் வீட்டில் ஒரு அவகாடோ வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னைப் போல ரெண்டரை வருடத்தைக் குழியில் போடக்கூடாது என்பதற்காக.

இடம்

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகிற வழியில் லத்தேரி. வீட்டுக்குப் பின்னால் சுமார் 3 சென்ட் காலி இடம், ஒரு முருங்கை, ரெண்டு தென்னை, ஒரு கருவேப்பிலை. மேலே ஒன்றரை அடிக்குச் செம்மண், அதற்குக் கீழே மொரம்பு என்கிற கெட்டிச் சரளை. இந்தப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு மொரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கடப்பாரை பட்டால் கையில் அதிரும். போர் தண்ணீர் குடிக்க ஆகாது, குழாய் வாயில் வெள்ளையாகப் படியும், பாத்திரத்தில் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்தேன், 1,380 பிபிஎம் காட்டியது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

வெயில் தெரிந்ததே. கத்திரியில் 40 டிகிரி சாதாரணம், 2024 மே முதல் வாரத்தில் 42ஐத் தாண்டியது. வேலூரில் பகல் வெயிலைவிட எனக்கு மோசமாகத் தெரிவது சாயங்காலம்தான், சுற்றி இருக்கிற மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு 9 மணி வரைக்கும் திருப்பி விட்டுக்கொண்டிருக்கும். ஒரு நல்லது, நமக்குத் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆடியிலிருந்து கார்த்திகை வரை ஏதோ ஒரு மழை வந்துகொண்டே இருக்கும்.

முதல் மரம்

2019 கோடை. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிதண்ணீர் போன வருடம் என்று சொன்னால் எல்லாருக்கும் நினைவு வரும். காட்பாடியில் ஒரு பழக்கடையில் வாங்கிய பட்டர் ஃப்ரூட்டின் கொட்டையை அம்மா தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருந்தார். நாலு ஈர்க்குச்சியைக் குத்தி, கண்ணாடி டம்ளர் விளிம்பில் உட்கார வைத்து, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி விட்டோம். அஞ்சு வாரத்தில் கொட்டை ரெண்டாகப் பிளந்து வேர் இறங்கியது. 2020 ஆரம்பத்தில் தரையில் வைத்தேன்.

எப்படி வைத்தேன் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தென்னைக்கும் மாவுக்கும் எடுக்கிற மாதிரி 3 அடிக்கு 3 அடி குழி, ஆழமும் 3 அடி. ஆள் வைத்து மொரம்பை உடைத்தேன். உள்ளே ரெண்டு கூடை சாணி எரு, மேலே செம்மண், சுற்றி வட்டப் பாத்தி, தினமும் ரெண்டு குடம் தண்ணீர். அந்த வருடம் மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது, வீட்டிலேயே இருந்ததால் கவனிப்புக்குக் குறைச்சலே இல்லை.

கவனிக்க வேண்டிய விஷயம், அந்த மரம் 2020 கத்திரியையும் 2021 கத்திரியையும் தாண்டியது. மேற்கே இருந்த சுவரும் முருங்கையும் சாயங்கால வெயிலை மறைத்தது உண்மைதான், ஆனாலும் ரெண்டு கோடை முழுசாகத் தாண்டியது. இலை நுனி கொஞ்சம் பழுத்தது, அவ்வளவுதான். வெயில்தான் காரணம் என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2021 நவம்பர். பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் போன அந்த மழை. பாலாற்றை மணலாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் தோட்டத்திலும் தண்ணீர் நின்றது, மற்ற இடத்தில் ஒரே நாளில் வடிந்துவிட்டது, மரத்தின் பாத்தியில் மட்டும் 6 நாள் குளம் மாதிரி நின்றது. அப்போது எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது, பூமி நன்றாகக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் ரெண்டாவது வாரம் மழை ஓய்ந்து வெயில் வந்ததும் இலைகள் தொங்க ஆரம்பித்தன. பச்சை மங்கி, தொட்டால் துணி மாதிரி. எதிர்வீட்டுத் தாத்தா பார்த்துவிட்டு, “இன்னாடா தம்பி, செடி இப்டி தொங்குது, தண்ணி உடுறியா இல்லியா?” என்று கேட்டார். அவர் வாழ்நாள் முழுக்கப் பயிர் வைத்தவர், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காலையிலும் சாயங்காலமும் மோட்டாரைப் போட்டுப் பாத்தி நிறைய விட்டேன். தொங்கியது இன்னும் தொங்கியது. இன்னும் விட்டேன். மூணே வாரம்.

என்ன நடந்தது

மரத்தைப் பிடுங்கிய அன்றைக்கே ஒரு சோதனை செய்தேன், இதை எல்லாரும் செய்து பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை. பக்கத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி, அது உறிஞ்சியதும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் நாலு விரற்கடைதான் இறங்கியிருந்தது. அதாவது மொரம்பு என்பது தண்ணீர் போகாத தரை. அதில் நான் 3 அடிக்கு வெட்டியது குழியே இல்லை, ஒரு தொட்டி. தொட்டியில் எருவைப் போட்டு, மேலே மரத்தை வைத்து, மழை வந்ததும் மூழ்கடித்திருக்கிறேன். தென்னைக்கு அது பெரிய சிரமம் தராது. அவகாடோவுக்கு அது ஆகவே ஆகாது.

ஏன் ஆகாது என்று தெரிந்துகொள்ள அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள காடுகள்தான் அதன் பூர்வீகம். அங்கே பல இடங்களில் எரிமலைச் சாம்பல் மண், கையை விட்டால் உள்ளே போகிற மாதிரி பொலபொலவென்று இருக்கும், மேலே வருடக்கணக்கில் விழுந்த இலைச் சருகு. அந்த மரம் உணவைத் தேடுவது ஆழத்தில் இல்லை, மேலே இருக்கிற ஒரு சாண் மண்ணிலும் அந்தச் சருகிலும்தான். மற்றச் செடிகளின் வேரில் இருக்கிற மெல்லிய வேர்மயிர் இதற்கு இல்லை என்றே சொல்லலாம், வேர் நுனியாலேயேதான் உறிஞ்ச வேண்டும், அந்த நுனிக்குக் காற்று வேண்டும். ரெண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே நுனிகள் மூச்சடைத்துச் சாக ஆரம்பிக்கும்.

அப்புறம் பைட்டோப்தோரா. இதைப் பூஞ்சை என்று சொல்வோம், உண்மையில் நீரில் வாழ்கிற பாசிகளுக்கு நெருங்கிய உயிர், அதன் வித்துகளுக்கு வால் உண்டு, மண்ணில் தேங்கிய தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். உலகம் முழுக்க அவகாடோவைக் கொல்வதில் முதல் இடம் இதற்குத்தான். பைட்டோப்தோரா சின்னமோமி என்பது முழுப் பெயர், 1922இல் சுமத்ராவில் லவங்கப்பட்டை மரத்தில்தான் முதலில் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்கள். லவங்கப்பட்டையும் அவகாடோவும் ஒரே குடும்பம், அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வருகிறது.

இதில் ஏமாற்றுவது ஒன்றே ஒன்று. வேர் அழுகிய மரமும் தண்ணீர் இல்லாத மரமும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வேர் செத்துவிட்டதால் சுற்றி எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மரத்தால் குடிக்க முடியாது, இலை வாடும். வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். எனவே அவகாடோ வாடினால் மோட்டாரைத் தொடாதீர்கள், முதலில் விரலை விடுங்கள். தண்டிலிருந்து ரெண்டு அடி தள்ளி ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். மண் உருண்டையாகப் பிடித்துக்கொண்டு, வேர் கறுத்திருந்தால் அந்த மரத்துக்குத் தண்ணீரை நிறுத்துவதுதான் வைத்தியம்.

ரெண்டாவது மரம்

விரிஞ்சிபுரத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மண் காரத்தன்மை, பிஎச் 8.1. அவகாடோவுக்கு 6 முதல் 7க்குள் இருந்தால் நல்லது. இதை வைத்துக்கொண்டு ஓட்ட முடியும், ஆனால் எரு அதிகம் கேட்கும் என்று புரிந்தது.

இந்த முறை கொட்டை இல்லை, ஒட்டுச்செடி. கொட்டையிலிருந்து வளர்ப்பது காய்க்க ஏழு, எட்டு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம், தாய்ப்பழம் மாதிரியே காய்க்கும் என்ற உறுதியும் இல்லை. ஒட்டு மூணு, நாலு வருடத்தில் காய்க்கும். பழனி மலையின் கீழ்ச்சரிவு, தாண்டிக்குடி, தடியன்குடிசை பக்கம்தான் தமிழ்நாட்டில் பட்டர் ஃப்ரூட்டுக்குப் பேர்போன இடம், வேளாண் பல்கலைக்கழகத்தின் டிகேடி 1 ரகம்கூடத் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததுதான். அந்தப் பக்கம் போனபோது சாலையோர நர்சரி ஒன்றில் ரெண்டு ஒட்டுக்கன்று வாங்கினேன். விற்றவர் “ஹாஸ்” என்றார், அட்டையிலும் அப்படியே எழுதியிருந்தது.

இங்கே ரகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் எல்லாரும் ஹாஸ் ஹாஸ் என்றே தேடுகிறார்கள். அவகாடோவில் மூணு வம்சம்: மெக்ஸிகோ மலையில் வந்தது குளிரைத் தாங்கும், குவாத்தமாலா வம்சம் நடுவில், மேற்கிந்தியத் தீவு வம்சம் என்பது தாழ்வான சூட்டுப் பகுதிக்கு ஏற்றது, உப்பையும் மற்ற ரெண்டைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஹாஸ் என்பது கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் வீட்டில் தற்செயலாக முளைத்த மரம், 1935இல் காப்புரிமை வாங்கினார், பெரும்பாலும் குவாத்தமாலா வம்சம். எண்ணெய் அதிகம், ருசி அதிகம், கறுத்து முண்டும் முடிச்சுமாக இருக்கும் தோல் லாரியில் அடிபட்டாலும் தாங்கும். கடைக்கு அது சரி. 200 சொச்சம் மீட்டர் உயரத்தில், 42 டிகிரியில், உப்புத் தண்ணீரில் வைக்க வேண்டிய மரம் அது கிடையாது. வேலூர் சமவெளிக்கு மேற்கிந்திய ரத்தம் கலந்த, பெரிதாக, வழவழப்பான பச்சைக் காய் காய்க்கிற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ நிலம் இருந்தால் கணக்கு வேறு, அங்கே தைரியமாக நல்ல ரகத்துக்கே போகலாம்.

என்னிடம் ஹாஸ் என்று விற்றது ஹாஸ் இல்லை என்று மூணு வருடம் கழித்துக் காய் வந்தபோதுதான் தெரிந்தது. பெயர் பொய்யாகப் போனதில் எனக்கு லாபம்தான், ஆனால் எல்லாருக்கும் அப்படி அமையாது, அட்டையை நம்பாமல் தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

2022 ஜூலையில், ஆடி மழை ஒன்று பெய்து மண் ஆறிய பிறகு நட்டேன். குழி எடுக்கவில்லை. மேடு போட்டேன். தரையைக் கடப்பாரையால் அங்கங்கே குத்தி இளக்கி, அதன் மேல் செம்மண், குறுமணல், நன்றாக மக்கிய இலை எரு மூணும் கலந்து 2 அடி உயரத்துக்கு, 7 அடி அகலத்துக்கு ஒரு கவிழ்த்த கூடை மாதிரி. பச்சைச் சாணி ஒரு பிடிகூடப் போடவில்லை. மழையில் கரையாமல் இருக்க ஓரத்தில் கல் அடுக்கினேன். செடிப்பை மண் உடையாமல் பிளாஸ்டிக்கைக் கத்தியால் கிழித்து, உச்சியில் வைத்தேன், ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு அரை அடி மேலே இருக்கும்படி. இன்னொரு கன்றுக்கும் இதே மாதிரி, சுவரோரமாக.

அதன் மேல் மூடாக்கு. இதில்தான் நம் ஊருக்கு ஒரு வசதி, கடலைத்தோல். கடலை உடைக்கிற மில்லில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. அரை அடி கனத்துக்குக் கடலைத்தோலும் சருகும் கரும்புச் சோகையும் கலந்து பரப்பினேன், தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு. தண்டை ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும். வருடத்துக்கு ரெண்டு முறை, மூடாக்கு மக்கி இறங்க இறங்க, புதிதாகப் போடுகிறேன். மேலே ரெண்டு கைப்பிடி ஜிப்சம், தொழுவுரத்தில் பெருக்கிய டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை.

அந்த டிசம்பரில் மாண்டஸ் புயல் மழை. தோட்டத்தில் தண்ணீர் நின்றது, ஆனால் மேட்டைச் சுற்றி அகழி மாதிரிதான் நின்றது, மேலே போய்க் கையை விட்டால் மண் ஈரமாக, பொலபொலப்பாக இருந்தது. சில நாள் கழித்து உச்சியில் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டது. அந்தக் கொழுந்தை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு வருடம் முடிந்து மூடாக்கை மெல்ல விலக்கிப் பார்த்ததை மறக்க மாட்டேன். மக்கிய கடலைத்தோலுக்கு உள்ளேயே, மண்ணுக்கு வராமல், வெள்ளை வெளேரென்று சேமியா மாதிரி வேர்கள் ஓடியிருந்தன. ஒரு தோலின் குழிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது ஒரு வேர். அதன் நுனி கண்ணாடி மாதிரி இருந்தது. உடனே மூடிவிட்டேன், வெயில் பட்டால் ஒரு நிமிடத்தில் வாடிவிடும். இந்த மரத்தடியில் கொத்தக்கூடாது, களையைக்கூடக் கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது அன்று கண்ணால் பார்த்துப் புரிந்தது.

உப்பு

வேர் பிழைத்தது, அடுத்த பிரச்சினை வந்தது. 2023 பிப்ரவரியில் பழைய இலைகளின் நுனி பழுப்பானது. நுனியில் ஆரம்பித்து ஓரம் வழியாக உள்ளே வந்தது, காகிதத்தை விளக்கில் காட்டினால் எரிந்து வருகிற மாதிரி, பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் கோடு கிழித்தது போல. கத்திரிக்கு இன்னும் ரெண்டு மாதம் இருந்தது, வெயில் இல்லை. அது உப்பில் இருக்கிற குளோரைடு செய்த வேலை.

அந்த 1,380 இங்கேதான் வருகிறது. அவகாடோ அளவுக்கு உப்பைத் தாங்காத பழமரம் அபூர்வம். தண்ணீரில் இருக்கிற உப்பை வேர் உறிஞ்சி இலை நுனிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அங்கே சேர்ந்து சேர்ந்து கருக்கும். போதாததற்கு நான் ஒரு தப்பு செய்திருந்தேன், கொழுந்து நன்றாக வருகிறதே என்று கடையில் சிவப்புப் பொட்டாஷ் வாங்கி ஒரு கைப்பிடி போட்டிருந்தேன். அது பொட்டாசியம் குளோரைடு, ஏறக்குறையப் பாதி எடை குளோரைடுதான். உப்பில் கஷ்டப்படுகிற மரத்துக்கு மேலும் உப்பு. அவகாடோவுக்குப் பொட்டாஷ் வேண்டுமென்றால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்று கேட்டு வாங்குங்கள், விலை அதிகம்தான்.

செய்தது ரெண்டு. மொட்டை மாடி மழைத்தண்ணீரை 2,000 லிட்டர் டேங்கில் பிடித்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விட ஆரம்பித்தேன். டேங்க் காலியாகிற ஏப்ரல், மே மாதங்களில் போர் தண்ணீரை மட்டுமே விட வேண்டியிருக்கிறது, அப்போது ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு இரவு முழுக்க மெல்லிய தாரையாகக் குழாயை விட்டுவிடுவேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போய் உப்பு மட்டும் வேரடியில் தங்கும். எப்போதாவது நன்றாக நனைய விட்டால் அந்த உப்பைக் கீழே தள்ளிவிடும். முதல் மரத்தைக் கொன்றதே அதிகத் தண்ணீர், இப்போது நானே இரவெல்லாம் விடச் சொல்கிறேனே என்று தோன்றலாம். மேடு இருப்பதால் இது முடிகிறது. தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழி இருந்தால் அது கழுவும், வழி இல்லாவிட்டால் தேங்கும். குழியில் வைத்த மரத்துக்கு இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் கொழுந்து வந்தபோது, காரமண்ணால் வருகிற இரும்பு, துத்தநாகக் குறை அது, நுண்ணூட்டம் ரெண்டு முறை தெளித்தேன், சரியாகிவிட்டது.

வெயில்

வெயிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுவரோரம் வைத்த இன்னொரு கன்று 2023 மே மாதத்தில் செத்தது, அது வெயிலால்தான். வெயில் படுகிற சிமெண்ட் சுவர், பகல் 2 மணிக்குக் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் தண்டின் ஒரு பக்கப் பட்டை வெந்து, பிளந்து, அதோடு போய்விட்டது. அதைப் பிடுங்கியபோது வேர் வெள்ளையாகவே இருந்தது. ஆக ரெண்டு சாவும் ரெண்டு விதம், பிடுங்கிப் பார்த்தால்தான் தெரிகிறது.

பிழைத்த மரத்துக்கு முதல் ரெண்டு கோடையும் நாலு சவுக்குக் கம்பு நட்டு 50 சதவீத நிழல்வலை கட்டினேன், மேலேயும் மேற்கிலும். கிழக்கே திறந்து விட்டேன், காலை வெயில் வேண்டும். தண்டுக்கும் வெளியே தெரிகிற கிளைக்கும் கோவில் மதில் மாதிரி சுண்ணாம்பு அடித்தேன், அவகாடோ பட்டைக்கு நேர் வெயில் ஆகாது, தன் இலை நிழலிலேயே தன் உடம்பை வைத்துக்கொள்கிற மரம் அது. அதனால்தான் கீழ்க்கிளைகளை வெட்டி அழகு பார்க்கக்கூடாது. மேற்கில் நாலு அகத்தி விதை ஊன்றினேன், ஆறு மாதத்தில் ஆளுயரம் தாண்டி நிழல் கொடுத்தது, கீரையும் கிடைத்தது. 2024 கத்திரியில் வலையும் அகத்தியும் சேர்ந்து காப்பாற்றின, அதற்கப்புறம் மரமே தனக்குப் போதுமான அளவு அடர்ந்துவிட்டது.

பூவும் காயும்

2025 தை கடைசியில் பூத்தது. வேப்பம்பூவைவிடக் கொஞ்சம் பெரிசு, வெளிர்மஞ்சள் கலந்த பச்சை, கொத்துக் கொத்தாக. ஒரு பூவில் சிவப்பு நூல் கட்டி ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். காலை 10 மணிக்கு விரிந்தது, நடுவில் சூல்முடி மட்டும் நிமிர்ந்து நின்றது, மகரந்தத் தண்டுகள் எல்லாம் இதழ் மேல் படுத்திருந்தன. பகல் 1 மணிக்கு மூடிக்கொண்டது. மறுநாள் மத்தியானம் அதே பூ மறுபடி விரிந்தது, இப்போது தண்டுகள் எழுந்து நின்று மஞ்சள் பொடி காட்டின, சூல்முடி வாடியிருந்தது. முதல் நாள் பெண், மறுநாள் ஆண். காலையில் பெண்ணாக விரிவது ஏ வகை, மத்தியானம் பெண்ணாக விரிவது பி வகை. ரெண்டு வகையும் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்குச் சரியான நேரத்தில் கிடைக்கும். என்னுடையது ஏ, அதுவும் தனி மரம். மூடுகிற பூவும் விரிகிற பூவும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருக்கிற அந்த இடைவெளியில், சுவர்ப் பொந்தில் இருக்கிற கொசுத்தேனீக்கள் செய்த வேலைதான் எல்லாம். பூக்கிற சமயம் எந்த மருந்தும் அடிக்கவில்லை, அடிக்கவும் கூடாது.

ஆயிரக்கணக்கில் பூத்ததில் மார்ச்சில் கோலிக்குண்டு அளவில் எண்ணியது 31. ஏப்ரல் முடிவில் 19. கத்திரியில் சில நாள் காலையில் கீழே ஒன்று, ரெண்டு பிஞ்சு கிடக்கும், எழுந்ததும் முதல் வேலையாக எண்ணுவேன். மறுபடி வலை கட்டி, காலையும் சாயங்காலமும் மூடாக்கை மட்டும் நனைத்தேன். 7 தங்கின. அணிலுக்கு ஒன்று போனது, மீதி 6க்கும் வலைப்பை கட்டினேன்.

ஜூலை கடைசியில் அவசரப்பட்டு ஒன்றைப் பறித்தோம். பத்து நாள் வைத்தும் பழுக்காமல், தோல் சுருங்கி, உள்ளே ரப்பர் மாதிரி ஆனது. அவகாடோ மரத்தில் பழுக்காது, முற்றிய காயைப் பறித்து வீட்டில் வைத்தால்தான் பழுக்கும், முற்றாததைப் பறித்தால் எப்போதும் பழுக்காது. அறுத்துப் பார்த்தபோது கொட்டையின் மேல்தோல் வெள்ளையாக, தடியாக, சதையோடு ஒட்டியிருந்தது. மூணு வாரம் கழித்துப் பறித்ததில் அதே தோல் பழுப்புக் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. இதுதான் அடையாளம். ரெண்டாவது காய் 520 கிராம். அரிசி டிரம்மில் ஒரு வாழைப்பழத்தோடு புதைத்து வைத்தோம், 8 நாளில் காம்புப் பக்கம் விரலுக்கு இசைந்தது. கடைப்பழம் அளவுக்கு எண்ணெய்ப் பசை இல்லை, கொஞ்சம் நீர்ச்சத்து, லேசான இனிப்பு. அம்மா நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிசைந்து சப்பாத்தியில் தடவிச் சாப்பிட்டார், மறுநாளும் கேட்டார்.

ஒரு எச்சரிக்கை, இதை நிறையப் பேர் சொல்வதில்லை. கவாத்து செய்த கிளைகளை எதிர்வீட்டு அக்கா ஆட்டுக்குக் கேட்டார், தரவில்லை. அவகாடோ இலையில் பெர்சின் என்ற நச்சு இருக்கிறது, ஆடு தின்றால் மடி வீங்கும், பால் நிற்கும், அதிகமானால் இதயத்தைத் தாக்கும். மாட்டுக்கும் குதிரைக்கும் கூண்டுப் பறவைக்கும் ஆகாது. அக்காவிடம் காரணத்தைச் சொன்னதும், “நல்ல வேள சொன்னப்பா, ரெண்டும் சினை ஆடு” என்றார். ஆடு மேய்கிற தெருவில் வேலி இல்லாமல் இந்த மரத்தை வைக்காதீர்கள்.

போன ஐப்பசியில் மழை ஆரம்பிக்கும் முன் மேட்டை இன்னும் 2 அடி அகலமாக்கினேன், வேர் கல்வரிசை வரைக்கும் வந்துவிட்டது. பி வகையில் ஒரு ஒட்டுக்கன்று சொல்லி வைத்திருக்கிறேன், ஆடியில் வரும். அதற்கான மேடு இப்போதே போட்டாகிவிட்டது, முதல் மரம் செத்த அந்தக் குழியிலிருந்து நன்றாகத் தள்ளி, சுவரிலிருந்தும் 10 அடி தள்ளி. இந்த மழைக்கு அதன் மேல் தண்ணீர் தேங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன், தேங்கவில்லை.